சித்தியின் புள்ளிக் கோடு

காற்றாடி சுற்றும்போது சுவரில் ஒட்டிய அந்தப் பெரிய தாள் மெல்ல எழும்பும். பிறகு சுவரோடு படியும். தூங்குகிறவரின் வயிறு ஏறி இறங்குவது போல இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் நாங்கள் இருந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தாள்தான். அதில் முக்கோணங்கள், வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். முக்கோணம் ஆண், வட்டம் பெண். மத்தியானம் பள்ளி விட்டு வந்து பாயில் படுத்துக்கொண்டு பார்த்தால், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இருந்து என்னைப் பார்ப்பது போலத் தெரியும். பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

அந்தத் தாளை ஒட்டியவர் இந்தியாவிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா. டீச்சர் என்று நாங்கள்தான் சொன்னோம். அவர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கி நடத்தியவர், அந்தப் படிப்பில் முதன்முதலாக நுழைந்த பெண்களில் ஒருவர் என்பதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். அப்போது எனக்கு ஏழு வயது. முதலாம் ஆண்டில் படித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வெள்ளைப் புடவை கட்டுவார், ஆண்கள் போடுவது போன்ற செருப்பு போடுவார், எங்கள் முன்னறையில் மூன்று வாரம் தங்குவார் என்பதுதான். ஸ்டேஷனில் அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், தன் மனைவிக்குத் தெரிந்தவர் என்று சொல்லி எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

டீச்சரம்மா காலையில் ஒரு சின்ன நோட்டோடு வீடு வீடாகப் போவார். உங்கள் அப்பா யார், அவரோடு பிறந்தவர்கள் யார், யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டு எழுதுவார். கோட்டர்ஸ் முழுக்க ஒரே பேச்சு. இந்தியாவிலிருந்து பெரிய ஆபீசர் வந்திருக்கிறார், பேர் எழுதிக்கொண்டால் ஏதோ கிடைக்கும் என்று. மூன்றாம் நாள் மாலை எங்கள் வாசலில் பத்துப் பேர் பிறப்புப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் சிவப்பு ஐசிதான், குடியுரிமை கிடைக்கல. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கலா, நீலம் கிடைச்சிடும்" என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி.

டீச்சரம்மா எல்லோரையும் உட்காரவைத்து, எல்லோருடைய சொந்தங்களையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகுதான், தன்னால் ஒரு அடையாள அட்டையும் வாங்கித் தர முடியாது என்று சொன்னார். யாருக்கும் கோபம் வரவில்லை. மறுநாள் அதே ஆன்டி, விட்டுப்போன ஒரு அத்தையின் பேரைச் சொல்லிவிட்டுப் போகத் திரும்பவும் வந்தார்.

சாயங்காலத்தில் அம்மா பயற்றங்காய் ஒடிக்கும்போது டீச்சரம்மாவும் கீழே உட்கார்ந்து ஒடிப்பார். அப்போதுதான் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். முதன்முதலில் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சொந்தம் விசாரித்தபோது, ஊர்க்காரர்கள் அவரைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து ஒரு கட்டு ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

"அப்புறம் என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"என்ன பண்றது, கிளம்பறதுக்குள்ள ரெண்டு கல்யாணம் முடிஞ்சுது."

பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கொடுத்தது பழைய சாமான் போட்டுவைத்திருந்த அறையாம். ஒரு மேசை, ஒரு நாற்காலி. யாராவது பார்க்க வந்தால் அவர் எழுந்து நிற்க வேண்டும். யார் யாருக்கு மாமன், யார் யாருக்கு மச்சான் என்று பேசுவது பொம்பளைகளின் வம்பு, அது ஒரு படிப்பா என்று அங்கிருந்த ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். வம்புதான் சார், அதை ஒழுங்காக எழுதிவைக்கப் போகிறேன் என்று இவர் பதில் சொன்னாராம். அம்மா சிரித்த சிரிப்பில் பயற்றங்காய் எல்லாம் கீழே சிந்தியது.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

"ஜனங்க சொன்னதை மாத்தி எழுதக் கூடாது. பாக்க அழகா இருக்கேன்னு ஒரு கோட்டக்கூட நகத்தக் கூடாது. நான் இதுவரைக்கும் நகத்தினதில்லை."

அவரிடம் எல்லோரும் பேசினார்கள், நான் மட்டும் பேசவில்லை. எனக்குக் கூச்சம். இன்றைக்கும் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் பேனா தாளில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. டெங்கில் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்த தாத்தா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். ஒரு தையற்கடையில் வேலை. நல்ல வெள்ளை நிறம். சிரித்தால் கண்கள் இரண்டு கோடாகிவிடும். பாசாரில் மீன் விற்கும் சீனக் கிழவர் அவளைக் கண்டால் சீனத்தில் ஏதோ கேட்பார். சித்தி தமிழில் பதில் சொல்லுவாள், அவர் தலையில் அடித்துக்கொள்வார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஏன் என்று யோசித்ததில்லை. சித்தி என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

சித்திக்கு அப்போது ஒரு கல்யாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். தையற்கடைக்குத் துணி இறக்க வந்தபோது சித்தியைப் பார்த்து, தன் வீட்டில் தானே சொல்லியிருக்கிறார். அவருக்கு அம்மா அப்பா இல்லை. வளர்த்தது அவருடைய அக்கா. அந்த அக்கா, பெண்ணின் நிறத்தைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியனுப்பியிருந்தார். "பொண்ணுக்குப் பொறந்த வீடு இருக்கான்னு பாக்கணும்."

நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க ஆள் இருக்கிறதா என்பதுதான் அதன் பொருள். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மடி கொடுக்க மாமன் இல்லாத பிள்ளையைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு. அவர்தான் மாமா. டெங்கிலில் தாத்தா இருந்த அதே தோட்டத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிள்ளான் அக்கா பெண் பார்க்க வருவதால், மாமா சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

டீச்சரம்மா அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுத் தாளை முடித்தார். எல்லா வீட்டுக்கும் கடைசியாக எங்கள் வீடு. அப்பா பக்கம் முன்பே எழுதியாகிவிட்டது. அம்மா பக்கத்துக்கு மாமாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று சொல்லிச் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "பெத்தது ரெண்டுங்க. மூணாவது எடுத்து வளத்தது. காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனவங்க குடுத்தாங்க. பொறந்து பத்து நாளு."

"எப்படி எழுதட்டும்?"

"உள்ளத எழுதுங்க. நாளைக்கு வர்றவங்க நான் மறைச்சேன்னு சொல்லக் கூடாது பாருங்க."

டீச்சரம்மா ஒரு வட்டம் போட்டார். மேலே இருந்த கோட்டிலிருந்து அந்த வட்டத்துக்குப் புள்ளி புள்ளியாக இறக்கினார். பேனா ஒவ்வொரு புள்ளிக்கும் டொக் டொக் என்றது. கோப்பித் தட்டோடு வந்த சித்தி அங்கேயே நின்றுவிட்டாள்.

"அது என்னங்க, புள்ளி புள்ளியா?"

"எடுத்து வளர்த்த பிள்ளைன்னா இப்படிப் போடறது எங்க படிப்புல வழக்கம்மா. வேற ஒண்ணும் இல்லை."

"நல்லாத்தான் இருக்கு. கோலம் மாதிரி" என்றாள் சித்தி. சிரித்தாள். கண்கள் கோடாகவில்லை.

அன்றைய கோப்பியில் சீனி இல்லை. மாமா மட்டும் அதை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அப்பா ஸ்டேஷன் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தவர். சாப்பிட வந்தவர் தாளைப் பார்த்து, எங்கள் யார்டு படம் போலவே இருக்கிறது என்றார். "எங்களுக்குப் புள்ளிக் கோடுன்னா, அங்க இனிமேதான் தண்டவாளம் போடணும்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மத்தியானம் டீச்சரம்மா அந்த யாழ்ப்பாணத்து வீட்டம்மாவோடு பத்துமலைக் கோயிலுக்குப் போனார். இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். சித்தி கடைக்குப் போய்விட்டாள். அம்மா நாளைய பலகாரத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். மாமா திண்டில் சாய்ந்தபடி தூங்கினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. யார்டில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம் மழைக்குள்ளிருந்து எங்கேயோ தூரத்தில் கேட்பது போலக் கேட்டது. தாள் எழும்பியது, படிந்தது.

நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாம் ஆண்டு பயிற்சிப் புத்தகத்தில் எழுத்துகள் எல்லாம் புள்ளிகளாகத்தான் இருக்கும். அவற்றின் மேல் நாங்கள் எழுத வேண்டும். புள்ளி இருக்கிற இடம் என்றால் முடிக்காத வேலை. அதை அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு டீச்சரிடம் திட்டு கிடைக்கும். கோணாமல் எழுதி முடித்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார். என் வகுப்பில் அதிகமாக நட்சத்திரம் வாங்கியவள் நான். வாய் திறக்காத எனக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இவ்வளவு பெரிய டீச்சர், இவ்வளவு பெரிய தாளில், ஒரே ஒரு இடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாருக்காக வைத்திருப்பார்?

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். மேசையில் மைப்புட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய பேனாவையே எடுத்துக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்தேன். பாதியில் காற்றாடிக் காற்றுக்குத் தாள் ஒருமுறை எழும்பியது. அந்த இடத்தில் மட்டும் கோடு கொஞ்சம் வளைந்தது. மற்றபடி நன்றாகவே வந்தது. வட்டத்தில் கொண்டுபோய் முட்டவைத்து இறங்கினேன்.

விளக்கேற்றும் நேரத்தில் சித்தி வேலையிலிருந்து வந்தாள். ஈரக்குடையை மடக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"விரல்ல என்னடி இவ்வளவு மை?"

சுவரைக் காட்டினேன்.

சித்தி போய்த் தாளுக்கு முன்னால் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வயதில் எல்லாமே நீளமான நேரம்தான். சாமி மாடத்து விளக்கு வெளிச்சம் தாளில் அசைந்தது. பிறகு என்னைக் குசினிக்கு அழைத்துப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு விரல்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட. சரியா?"

"டீச்சரம்மா ஸ்டார் போடுவாங்களா சித்தி?"

"போடுவாங்க. நீ வாயத் திறக்காம இருந்தா."

ஒரே விரலைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். ஏதோ தப்பு செய்துவிட்டேன், சித்தி என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிள்ளான் அக்கா தன் கணவரோடு வந்தார். கனத்த உடம்பு, உரத்த குரல். உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. இந்தப் படம் என்ன, கோழிக் கூண்டு மாதிரி இருக்கிறதே என்று கேட்டு முதலிலேயே எல்லோரையும் சிரிக்கவைத்தார். அம்மா எழுந்து, இது நான், இது இவர், இது என் மகள் என்று காட்டினாள்.

"பொண்ணு எங்க இதுல?"

அம்மாவின் விரல் வட்டத்துக்குப் போனது. போனதும் நின்றது. நேற்று பார்த்த புள்ளிகள் அங்கே இல்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து ஒரு அடி கிட்டே வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். டீச்சரம்மாதான் இரக்கப்பட்டு மாற்றிவிட்டார் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

கிள்ளான் அக்கா தன் விரலை வட்டத்தில் வைத்து மேலே கொண்டுபோனார். "சேருதே" என்றார்.

அந்த நேரத்தில்தான் டீச்சரம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் பத்துமலைத் திருநீறு. அம்மா அவரை இன்னார் என்று சொன்னதும், கிள்ளான் அக்கா முழுதாக அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. விசாரிக்காம எழுத மாட்டீங்க. எனக்கு எழுதப் படிக்க வராது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மனசு வச்சு சொல்லணும். இந்தக் கோடு நெசமா?"

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளுக்குக் கிட்டே போனார். கோடு வளைந்த இடத்தில் அவர் முகம் நின்றது. திரும்பிச் சித்தியைப் பார்த்தார். சித்தி கதவோரம் பலகாரத் தட்டோடு தலை குனிந்து நின்றாள். பிறகு என்னைப் பார்த்தார். தேங்காயெண்ணெய்க்குப் போகாத மை என் நகக்கண்களில் இன்னும் கறுப்பாக இருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அது நான் எழுதியது என்று சொல்ல வேண்டும் போல எனக்கு மனசு அடித்துக்கொண்டது. இத்தனை பேர் என் கோட்டைப் பார்க்கிறார்கள். ஆனால் புதியவர்கள் இருந்ததால் வாய் வரவில்லை. என் கூச்சம் எனக்கோ பிறருக்கோ செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"நான் கேட்டு எழுதறவம்மா" என்றார் டீச்சரம்மா நிதானமாக. "வீட்டுல சொல்றதைத்தான் எழுதுவேன். அவரே இங்க இருக்காரு. உங்க முன்னாடி இன்னொரு தரம் கேட்டுடறேன்."

மாமா பக்கம் திரும்பினார். நேற்றுக் கேட்ட அதே குரல், அதே கேள்வி.

"தம்பி, நீங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

ஒரு சரக்கு ரயில் போனது. கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. எங்கள் வீட்டில் ரயில் போகும்போது பேசுகிறவர்கள் அப்படியே நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். அதனால் மாமா பேசாமல் இருந்தது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் ரயில் போய் முடிந்த பிறகும் அவர் பேசவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரு" என்றார்.

"மூணாவது?"

"அதோ, தட்ட வச்சுக்கிட்டு நிக்குதே, அதுதான். என் தங்கச்சி."

"அப்ப நாளைக்குப் புள்ள பொறந்தா மடி குடுக்கறது யாரு தம்பி?" என்றார் கிள்ளான் அக்கா.

"என்னக்கா கேள்வி இது? நான் இருக்கறப்ப வேற யாரு குடுப்பா?" மாமாவுக்குக் குரல் உடைந்து கோபம் போல வந்தது.

"கோவிச்சுக்காதீங்க. கேக்க வேண்டியது என் கடமை." அக்கா தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார். "கோப்பி குடுப்பீங்களா, இல்ல படத்தையே பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

அன்று கோப்பியில் சீனி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவர்கள் போன பிறகு மாமா பின்பக்கக் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். டீச்சரம்மா அடுத்த வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்பினார். அதுவரைக்கும் தினமும் தாளின் ஓரங்களைப் போய்ப் பார்த்தேன். நட்சத்திரம் இல்லை. தாளைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டி, நூல் சுற்றிப் பையில் வைத்தார். காரில் ஏறும்முன் என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் தாள்ல இதுவரைக்கும் வேற யாரும் கை வச்சதில்லை, தெரியுமா?" என்றார்.

திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கார் போன பிறகு, நட்சத்திரம் கிடைக்காததற்காகக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். கல்யாணத்துக்கு நாள் குறித்த சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை.

சித்திக்கு இரண்டு பையன்கள், ஒரு பெண். மூன்று பேருக்கும் மாமா மடியில்தான் காது குத்தினார்கள். மாமா இப்போது இல்லை. கோட்டர்ஸும் இல்லை, அந்த இடத்தில் உயரமான கட்டடங்கள் நிற்கின்றன. நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன்.

சித்தியின் பேத்தி பல்கலைக்கழகத்தில் டீச்சரம்மாவின் அதே படிப்பைப் படிக்கிறாள். போன மாதம் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஆங்கிலப் புத்தகம். முன்னுரையை அவளே தமிழில் சொன்னாள். சாமான் அறையில் ஒரு நாற்காலியோடு துறையைத் தொடங்கியது, முப்பது வருடம் ஊர் ஊராக நடந்தது, பிறகு கடல் கடந்து போனவர்களின் சொந்தங்களைத் தேடி வந்தது. ஒரு கோட்டைக்கூட விசாரிக்காமல் போடாதவர் என்று அவருடைய மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறாராம்.

அடுத்த படம் எங்கள் தாள். அப்படியே புகைப்படமாக அச்சிட்டிருந்தார்கள். பேர்கள் இல்லை, எண்கள்தான். புள்ளிக் கோடு எங்கேயும் இல்லை. ஒரு கோடு மட்டும் பாதியில் லேசாக வளைந்திருந்தது. எங்கள் வீட்டுக் காற்றாடிக் காற்று அந்த இடத்தில் இன்னும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போய்ச் சித்தியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மேலிருந்து கீழே மெல்ல நகர்த்திக்கொண்டு வந்து, வளைந்த இடத்தில் நிறுத்தினாள்.

"கோணல்" என்றாள். கண்கள் கோடாகிவிட்டன.

என் தப்பை மறைக்கத்தான் சித்தி அன்றைக்கு அவ்வளவு பாடுபட்டாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த நன்றியிலேயே பெரியவளானேன். ஆனால் அன்று மாலை மழை ஈரத்தில் மை நன்றாகக் காயக்கூட இல்லை. குசினியில் ஈரத்துணியும் இருந்தது. சித்தி என் விரலைத்தான் துடைத்தாள், தாளைத் துடைக்கவில்லை.